'சர்நேம்' கட்டத்துல என்ன எழுதறது?

மக்களே, ஃபைனல் இயர் வந்துட்டா ஒரு வேலை மட்டும் ஓயவே ஓயாது. ஃபார்ம் நிரப்புறது. ப்ளேஸ்மென்ட் போர்ட்டல், பான் கார்டு, பாஸ்போர்ட், ஜிஆர்இ என்று வரிசையா வரும். எல்லாத்திலயும் முதல் கேள்வியிலேயே நாம மாட்டிக்கிறோம். 'ஃபர்ஸ்ட் நேம்' சரி, போட்டாச்சு. அடுத்த கட்டம் 'லாஸ்ட் நேம்'. பக்கத்துல ஒரு சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாம விட்டா பக்கம் நகராது.

போன செமஸ்டர்ல நான் அந்தக் கட்டத்துல இனிஷியலை மட்டும் போட்டேன். குறைஞ்சது ரெண்டு எழுத்து வேணும்னு திருப்பி அனுப்பிடுச்சு. சரி, அப்பா பேரை முழுசா போட்டேன். ரெண்டு நாள் கழிச்சு ஒரு மெயில். "டியர் மிஸ்டர்" என்று ஆரம்பிச்சு எங்க அப்பா பேர்! அப்பாகிட்ட காட்டினேன். "எனக்கு எதுக்குடா இன்டர்வியூ?" என்றார்.

சிரிச்சுட்டு விட்டுடலாம்தான். ஆனா உலகத்துல எல்லாருக்கும் இருக்கிற ஒண்ணு நமக்கு மட்டும் ஏன் இல்லை என்ற கேள்வி மனசுல நின்னுடுச்சு. தேடிப் பார்த்தப்பதான் தெரிஞ்சது, கேள்வியே தப்பு. எல்லாருக்கும் அது இருந்ததில்லை. இருந்த இடத்திலும் அது ரொம்பப் பழசு இல்லை.

ஊர், அப்பா, நாம்

நம்ம விழுப்புரத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். சிவாஜி கணேசனோட பழைய பேர் வி.சி. கணேசன். 'வி' என்பது விழுப்புரம், 'சி' என்பது அப்பா சின்னையா. 'சிவாஜி' அவர் நடிச்ச நாடகத்தால வந்த பட்டம், பெரியார் கொடுத்தது. அவர் மகன் பிரபு. பேரன் விக்ரம் பிரபு. கவனிச்சீங்களா? மூணு தலைமுறைக்கும் பொதுவா ஒரு சர்நேம் கிடையாது. தாத்தா பேருக்கு முன்னால அவரோட அப்பா. பேரன் பேருக்குப் பின்னால அவரோட அப்பா. ஒவ்வொரு தலைமுறையும் ஒரு படி நகர்ந்துக்கிட்டே இருக்கு.

அறிஞர் அண்ணாவுக்கும் இதே கணக்குதான். சி.என். என்றால் காஞ்சிபுரம், நடராசன். (அப்போ ஆங்கிலத்துல காஞ்சிபுரத்தை 'கான்ஜீவரம்' என்றுதான் எழுதுவாங்க, அதனால 'சி'.) 2021 மே 7 அன்று "முத்துவேல் கருணாநிதி ஸ்டாலின் எனும் நான்" என்ற பதவிப் பிரமாணத்தை டிவியில் பார்த்திருப்பீங்க. அதுல தாத்தா, அப்பா, மகன் மூணு பேரும் இருக்காங்க.

இனிஷியல் என்ற ஒற்றை எழுத்துச் சுருக்கம் ஆங்கிலேயர் காலத்து அலுவலகப் பழக்கம். ஆனா அந்த வரிசை நம்மளோடது, ரொம்பப் பழசு. சங்கப் புலவர்கள் பட்டியலை எடுத்துப் பாருங்க. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். ஊர், அப்பா, பெயர். இன்னைக்கு எழுதினா 'ம.க. நக்கீரன்'. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் இன்னும் ஒரு படி மேல. ஊர், சேரி, பெயர். கிட்டத்தட்ட ஒரு போஸ்டல் அட்ரஸ்! ஒக்கூர் மாசாத்தியார் பெண் புலவர். அவருக்கு முன்னால அப்பா பேரும் இல்லை, கணவர் பேரும் இல்லை. ஊர் மட்டும்தான்.

ரெண்டு ராமமூர்த்தி

ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா? நம்ம கிளாஸ்ல மூணு கார்த்திக் இருந்தா 'மெக் கார்த்தி', 'சிவில் கார்த்தி' என்று பிரிச்சுக்கறோம் இல்லையா, அதே மாதிரிதான். தமிழ்நாட்டு காங்கிரஸ்ல ரெண்டு கே. ராமமூர்த்திகள் இருந்தாங்க. ரெண்டு பேரும் மாநிலத் தலைவரா இருந்தவங்க. இனிஷியல் கூட ஒண்ணு. அதனால ஒருத்தர் வாழப்பாடி ராமமூர்த்தி, இன்னொருத்தர் நம்ம திண்டிவனம் ராமமூர்த்தி. இங்க ஊர்ப் பேர்தான் சர்நேம் வேலையைப் பார்த்தது.

இதே பிரச்சினை ஸ்வீடன் ராணுவத்துக்கும் வந்தது. அந்தக் காலத்துல ஸ்வீடன்ல சாதாரண ஜனங்களுக்குக் குடும்பப் பேர் கிடையாது. அப்பா பேரோட 'சன்' சேர்த்தா மகன், 'டாட்டர்' சேர்த்தா மகள். எரிக் என்பவரோட மகன் ஆண்டர்ஸ் என்றால் அவர் ஆண்டர்ஸ் எரிக்சன். அவரோட மகன் யோஹான் என்றால் யோஹான் ஆண்டர்சன். எரிக்கோட மகள் அன்னா கல்யாணத்துக்கு அப்புறமும் அன்னா எரிக்ஸ்டாட்டர்தான். விக்ரம் பிரபு கதையேதான்.

ஆனா ஒரு கம்பெனி சிப்பாய்களை வரிசையா நிறுத்தி "ஆண்டர்ஸ் ஆண்டர்சன்!" என்று கூப்பிட்டா அஞ்சாறு பேர் ஒண்ணா 'பிரசன்ட்' சொல்லுவாங்க. அதனால ராணுவமே ஒவ்வொருத்தருக்கும் சின்னதா, சட்டுனு கூப்பிடற மாதிரி ஒரு பேர் வெச்சது. ராஸ்க் என்றால் சுறுசுறுப்பானவன். மூடிக் என்றால் தைரியசாலி. ஸ்வேர்ட் என்றால் வாள். ஸ்கோல்ட் என்றால் கேடயம். சிப்பாய்க்குக் கொடுத்த குடிசையோட அந்தப் பேரும் ஒட்டிக்கும். அடுத்த சிப்பாய் வந்தா குடிசையும் அவனுக்கு, பேரும் அவனுக்கு. ரத்த சம்பந்தமே இருக்காது. இன்னைக்கும் ஸ்வீடன்ல இந்தப் பேர்கள் குடும்பப் பேரா ஓடிக்கிட்டு இருக்கு.

புளிய மரமும் லிண்டன் மரமும்

திண்டிவனம் என்ற பேரோட மூலம் 'திந்திரிவனம்', அதாவது புளியங்காடு என்று சொல்றாங்க. அப்படின்னா திண்டிவனம் ராமமூர்த்தி என்றால் புளியங்காட்டு ராமமூர்த்தி.

பயாலஜி புத்தகத்துல வர்ற கார்ல் லின்னேயஸ், செடி கொடிக்கெல்லாம் ரெண்டு சொல்லுல பேர் வைக்கிற முறையைக் கொண்டுவந்தவர், அவர் பேரும் ஒரு மரம்தான். அவரோட அப்பா பேர் நில்ஸ் இங்கெமார்சன். லுண்ட் பல்கலைக்கழகத்துல சேரப் போனப்போ அவருக்கு ஒரு குடும்பப் பேர் தேவைப்பட்டது. சொந்த ஊர்ல இருந்த ஒரு பெரிய லிண்டன் மரத்தை நினைச்சு 'லின்னேயஸ்' என்று லத்தீன்ல ஒண்ணை உருவாக்கிக்கிட்டார். படிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு. காலேஜ் அட்மிஷன் ஃபார்ம்ல சர்நேம் கட்டத்துல மாட்டினது நாம மட்டும் இல்லை!

செல்சியஸும் இப்படித்தான். 1742-ல் வெப்ப அளவுகோலை முன்வெச்ச ஆண்டர்ஸ் செல்சியஸோட குடும்பம் முன்னால இருந்த பண்ணையோட பேர் 'ஹோகென்', அதாவது மேடு. அதை லத்தீன்ல மாத்தினா செல்சியஸ். நோபல் என்ற பேர் நோபெலோவ் என்ற ஊர்ப் பகுதியிலிருந்து வந்தது. அங்கிருந்து படிக்கப் போன ஒருத்தர் 'நோபெலியஸ்' என்று வெச்சுக்கிட்டார், அப்புறம் அது சுருங்கிடுச்சு. நகரத்து நடுத்தரக் குடும்பங்கள் இயற்கையிலிருந்து ரெண்டு சொல்லை எடுத்து ஒட்டிக்கிட்டாங்க. லிண்ட்ஸ்ட்ரோம் என்றால் லிண்டன் மரம், நீரோட்டம். லிண்ட்கிரேன் என்றால் லிண்டன் மரக் கிளை. பெரிய அர்த்தமெல்லாம் தேட வேண்டியதில்லை, கேட்க நல்லா இருந்தா போதும்.

நம்ம பக்கத்துல ஓமந்தூரார் இருக்கார். திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர்ல பிறந்து, 1947-ல் சென்னை மாகாணப் பிரதமரானவர். நாடு சுதந்திரம் அடைஞ்சப்போ அந்தப் பதவியில் இருந்தவர் அவர்தான். முழுப் பேர் ஓ.பி. ராமசாமி ரெட்டியார். ஆனா சென்னையில ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிச்சா என்ன சொல்றோம்? "ஓமந்தூரார் போகணும்". சின்ன கிராமத்தோட பேர்தான் கடைசியில நின்னுது.

கட்டம் ஏன் காலியா இருக்கு?

இங்கதான் விஷயமே இருக்கு. நமக்கும் பேருக்குப் பின்னால ஒண்ணு இருந்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய பத்திரிகை, பத்திரம், கல்வெட்டு எதை எடுத்தாலும் ஐயர், முதலியார், பிள்ளை, நாடார், நாயக்கர், ரெட்டியார் என்று வரும். அது குடும்பப் பேர் இல்லை, சாதிப் பேர். தாழ்த்தப்பட்ட சாதி என்று ஒதுக்கி வைக்கப்பட்டவங்களுக்கு அதே முறையில் பட்டம் பெருமையா வரல, வசையா வந்தது. ஒரு பேரைக் கேட்டதும் எதிர்ல இருக்கிறவரை எங்க உட்கார வைக்கணும் என்று முடிவு பண்ண உதவின கருவி அது.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டுல சுயமரியாதை இயக்கத்தோட முதல் மாகாண மாநாடு நடந்தது. திண்டிவனத்துல ரயில் ஏறினா சென்னைக்குப் போற வழியில வர்ற அதே செங்கல்பட்டுதான். பேருக்குப் பின்னால சாதிப் பட்டம் போடறதை விடணும் என்று அங்க தீர்மானம் போட்டாங்க. பெரியார் அதுக்கு முன்னாலயே 'நாயக்கர்' என்பதை விட்டிருந்தார். தலைமை தாங்கிய சௌந்தரபாண்டியனும் 'நாடார்' பட்டத்தை விட்டார். அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஊர் முழுக்க அந்த வால் உதிர்ந்தது. சாதி போயிடுச்சு என்று நான் சொல்ல வரல. அது எங்க எங்க இருக்குன்னு உங்களுக்கும் தெரியும். ஆனா அட்டெண்டன்ஸ்ல பேர் கூப்பிடும்போது பக்கத்து பெஞ்சுக்காரன் என்ன சாதின்னு தெரியறதில்லை. அது சும்மா கிடைச்சது இல்லை.

அதனால நம்ம கட்டம் காலியா இருக்கிறது குறை இல்லை. அங்க இருந்ததை நம்ம தாத்தா காலத்துல அழிச்சிருக்காங்க.

ஸ்வீடன் வேற வழியில போச்சு. 19-ம் நூற்றாண்டுல ஜனங்க நகரத்துக்கும் தொழிற்சாலைக்கும் போனாங்க. 'சன்' பேரை மாத்தாம அப்படியே பிள்ளைகளுக்கும் கொடுக்க ஆரம்பிச்சாங்க. 1901-ல் வந்த அரசாணை ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிலையான பேர் ஒண்ணை விதியாக்கிடுச்சு. ஓடிக்கிட்டிருந்த பேர் உறைஞ்சு போச்சு. இன்னைக்கு எரிக்சன் என்று ஒருத்தர் இருந்தா அவர் அப்பா பேர் எரிக்கா இருக்கணும்னு இல்லை. பெண்ணுக்கும் 'சன்' என்றே முடியும். அன்னா ஆண்டர்சன் என்றால் சொல்லுக்குச் சொல் 'ஆண்டர்ஸின் மகன் அன்னா'! அதுல தொலைஞ்சது மகள்தான். 1982 சட்டத்துக்கு அப்புறம் அம்மா வழிப் பேருக்கும் சம உரிமை வந்தது. பக்கத்துல ஐஸ்லாந்து மட்டும் இன்னைக்கும் பழைய முறையிலேயே இருக்கு. அங்க அச்சிட்ட டெலிபோன் டைரக்டரியே முதல் பேர் வரிசையில்தான் இருந்தது.

சரி, ஃபார்ம்ல என்ன போட?

இந்தக் கதையெல்லாம் போர்ட்டலுக்குத் தெரியாது. 2022 நவம்பர்ல ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்ல ஒரே பேர் மட்டும் இருக்கிற விசிட் விசாக்காரர்களை அனுமதிக்க முடியாது என்று அறிவிச்சது. அப்புறம், பாஸ்போர்ட்ல அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தா போதும் என்று தளர்த்தினாங்க. அமெரிக்க விசாவுல ஒரே பேர் இருந்தா அது சர்நேம் இடத்துக்குப் போயிடும், பேர் இடத்துல 'எஃப்.என்.யூ.' என்று வரும். அதாவது முதல் பேர் தெரியாது. உங்க பேரே உங்களுக்கு இல்லைன்னு ஆயிடும்!

அதனால, அனுபவத்துல சொல்றேன்:

முதல்ல, இனிஷியலை விரிச்சு ஒரு முடிவு எடுங்க. பெரும்பாலும் அப்பா பேர் சர்நேம், உங்க பேர் கிவன் நேம். ஊர்ப் பேரும் இனிஷியல்ல இருந்தா அதைச் சேர்க்கறதா வேண்டாமா என்றும் இப்பவே முடிவு பண்ணிக்கோங்க.

ரெண்டாவது, மார்க் ஷீட், ஆதார், பான், பாஸ்போர்ட் எல்லாத்திலயும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கான்னு பாருங்க. ஒரு 'ஹெச்' கூடக்குறைய இருந்தாலும் பின்னால அலைச்சல்தான்.

மூணாவது, அம்மா பேர் போட விரும்பறவங்க தயங்க வேண்டாம். பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோர்ல ஒருத்தர் பேர் போதும் என்று 2016 டிசம்பர்லயே விதி மாறிடுச்சு. தோழிகளே, கல்யாணத்துக்கு அப்புறம் பேரை மாத்தியே ஆகணும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மாத்தறதும் விடறதும் உங்க முடிவு.

நாலாவது, வெளிநாட்டுக்காரங்க அப்பா பேர்ல கூப்பிட்டா கோபப்படாதீங்க. விஸ்வநாதன் ஆனந்தை எத்தனையோ பேர் "மிஸ்டர் விஸ்வநாதன்" என்று கூப்பிட்டிருக்காங்க, அது அவர் அப்பா. சர் சி.வி. ராமனும் எஸ். சந்திரசேகரும் சித்தப்பா, அண்ணன் மகன். ரெண்டு பேரும் இயற்பியல் நோபல் வாங்கினவங்க, 1930-லும் 1983-லும். பேரை வெச்சு அந்த உறவை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால அவங்களுக்கு எதுவும் குறைஞ்சு போகல.

கடைசியா நம்ம ஐடி, சிஎஸ்இ மக்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக்கு ஏதோ ஒரு கம்பெனியில உட்கார்ந்து ரிஜிஸ்ட்ரேஷன் பக்கம் எழுதப் போறது நாமதான். 'லாஸ்ட் நேம்' பக்கத்துல 'நாட் நல்' என்று டைப் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. 'முழுப் பெயர்' என்று ஒரே ஒரு கட்டம் போதும். 'உங்களை எப்படி அழைக்கலாம்?' என்று பக்கத்துல இன்னொண்ணு வெச்சா ரொம்ப நல்லது.

எங்க அப்பாவுக்கு இன்னும் இன்டர்வியூ மெயில் வந்துக்கிட்டுதான் இருக்கு. "நான் செலக்ட் ஆனா நீ ஜாயின் பண்ணிக்கோ" என்கிறார்.