நூல் நிலையத்தின் பூட்டை அசைத்த 'வலைப்பூ'!

கணித மேதை ஒருவர் தன் மனதில் பட்டதை எழுதினார். அதை எந்தப் பத்திரிகையிலும் அச்சிடவில்லை. கூட்டம் போட்டுப் பேசவும் இல்லை. கம்ப்யூட்டரில் எழுதி, இன்டர்நெட்டில் போட்டார். அவ்வளவுதான்! உலகம் முழுவதும் உள்ள சர்வகலாசாலைகளில் பரபரப்பு ஏற்பட்டது. கோடிக்கணக்கில் பணம் புரளும் ஒரு பெரிய கம்பெனி, தன் போக்கைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

அந்த மேதையின் பெயர் திமோத்தி கவர்ஸ். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்தவர். கணிதத்துக்கு நோபல் பரிசு கிடையாது. அதற்கு ஈடாகச் சொல்லப்படுவது 'பீல்ட்ஸ்' பதக்கம். அதை 1998-ல் பெற்றவர்.

அவர் என்ன எழுதினார்? நூல் நிலையத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? பார்ப்போம்.

'வலைப்பூ' என்றால் என்ன?

இன்டர்நெட்டில் ஒருவர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் திண்ணைதான் 'பிளாக்'. தமிழில் அதை 'வலைப்பூ' என்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் பேசுகிறார். போகிறவர், வருகிறவர் கேட்கிறார்கள். "நீங்கள் சொல்வது சரி", "இது தப்பு" என்று பதில் சொல்கிறார்கள். வலைப்பூவிலும் அப்படித்தான். ஆனால் அந்தத் திண்ணைக்கு உலகமே வரலாம்!

2009-ல் கவர்ஸ் தன் வலைப்பூவில் ஒரு கடினமான கணக்கைப் போட்டார். "எல்லோரும் சேர்ந்து இதற்கு விடை காண முடியுமா?" என்று கேட்டார். 37 நாட்களில் 27 பேர் சுமார் 800 குறிப்புகளை எழுதினார்கள். கணக்குக்கு விடை கிடைத்தது! எல்லோருக்கும் பொதுவாக ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டு, அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள்.

பல தேசத்து மேதைகள் ஒரே திண்ணையில் கூடிவிட்டார்கள். பெரிய சர்வகலாசாலையில்தான் ஆராய்ச்சி நடக்கும் என்ற எண்ணம் ஆட்டம் கண்டது.

விளைத்தவனே விலை கொடுக்கிறான்!

சர்வகலாசாலை நூல் நிலையத்தில் கதைப் புத்தகங்களைவிட முக்கியமானவை ஆராய்ச்சிப் பத்திரிகைகள். புது மருந்து, புது நட்சத்திரம், புதுக் கணக்கு எல்லாம் அவற்றில்தான் வெளிவரும். அவற்றைப் படிக்காமல் யாரும் ஆராய்ச்சி செய்ய முடியாது.

அந்தக் கட்டுரைகளை எழுதுகிறவர்கள் யார்? பேராசிரியர்கள். அதற்குப் பத்திரிகைக் கம்பெனி சம்பளம் கொடுக்கிறதா? இல்லை. கட்டுரை சரியா, தப்பா என்று சோதிப்பவர்கள் யார்? வேறு பேராசிரியர்கள். அவர்களுக்கும் பொதுவாகச் சம்பளம் கிடையாது.

பிறகு கம்பெனி அதை வெளியிடும். அதே பேராசிரியர்கள் வேலை பார்க்கும் சர்வகலாசாலை, பெரும் பணம் கொடுத்து அதை வாங்க வேண்டும்!

ஒரு விவசாயி நெல்லை விளைத்து இலவசமாகக் கொடுக்கிறான். இன்னொரு விவசாயி அதை இலவசமாகப் புடைத்துக் கொடுக்கிறான். கடைக்காரர் மூட்டை கட்டி, அந்த இருவருக்குமே விற்கிறார். இது எப்படி இருக்கிறது?

இதோடு முடியவில்லை. நூல் நிலையம் கேட்கும் நல்ல பத்திரிகையோடு, கேட்காத பல பத்திரிகைகளையும் சேர்த்து ஒரே கட்டாகத் தலையில் கட்டுவார்கள். தனித்தனியாக வாங்கினால் விலை எக்கச்சக்கம்.

அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலை பணக்கார சர்வகலாசாலை. அதுவே 2012-ல், "பத்திரிகைச் சந்தா ஆண்டுக்கு ஏறத்தாழ 37½ லட்சம் டாலர் ஆகிறது. இனித் தாங்காது" என்ற கருத்தில் தன் பேராசிரியர்களுக்கு அறிக்கை அனுப்பியது. சில பத்திரிகைகளுக்கு ஆண்டுச் சந்தா மட்டும் 40 ஆயிரம் டாலர்!

ஹார்வர்டுக்கே இந்த நிலை என்றால், ஏழை நாட்டுக் கல்லூரி என்ன செய்யும்? அங்கே படிக்கும் ஏழைப் பிள்ளை எங்கே போவான்?

"இனி எழுத மாட்டேன்!"

2012 ஜனவரி 21-ந் தேதி கவர்ஸ் தன் வலைப்பூவில் ஒரு முடிவை வெளியிட்டார். ஹாலந்து நாட்டில் இருக்கும் 'எல்சேவியர்' என்ற பெரிய கம்பெனியின் பத்திரிகைகளுக்கு இனி எழுதுவதில்லை, அவற்றுக்காக யாருடைய கட்டுரையையும் சோதிப்பதும் இல்லை என்பதே அந்த முடிவு.

அதைப் படித்த ஒருவர், மற்றவர்களும் கையெழுத்துப் போடுவதற்காக இன்டர்நெட்டில் ஓர் இடம் ஏற்படுத்தினார். அதற்கு 'அறிவின் விலை' என்ற பொருளில் பெயர் வைத்தார். கையெழுத்துகள் மளமளவென்று குவிந்தன. சில மாதங்களில் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது!

அப்போது அமெரிக்காவில் ஒரு மசோதா வந்திருந்தது. மக்களின் வரிப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியை மக்கள் இலவசமாகப் படிப்பதற்குத் தடை போடும் மசோதா அது. எல்சேவியர் அதை ஆதரித்து வந்தது. பிப்ரவரி 27-ந் தேதி அந்த ஆதரவைக் கைவிட்டது. மசோதாவும் படுத்துவிட்டது.

அடுத்து நூல் நிலையங்களே துணிந்து நின்றன. கலிபோர்னியா சர்வகலாசாலை ஆண்டுக்குச் சுமார் 1 கோடியே 10 லட்சம் டாலர் சந்தா கட்டி வந்தது. 2019-ல் அதை நிறுத்தியது. இரண்டு ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 2021-ல் சமாதானம் ஏற்பட்டது. அந்த சர்வகலாசாலைக்காரர்கள் எழுதும் கட்டுரைகளை உலகில் யாரும் காசில்லாமல் படிக்கலாம் என்பது ஒப்பந்தம்.

கதவே இல்லாத நூல் நிலையம்

இதற்கெல்லாம் முன்பே, 1991-ல், பால் கின்ஸ்பார்க் என்ற விஞ்ஞானி அமெரிக்காவில் ஒரு காரியம் செய்தார். கட்டுரைகளை அச்சுக்குப் போகும் முன்பே கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்தார். யாரும் எடுத்துப் படிக்கலாம். காசு வேண்டாம். 'ஆர்க்கைவ்' என்பது அதன் பெயர். 2001-ல் அது கார்னெல் சர்வகலாசாலைக்கு வந்தது. இன்று 20 லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் அதில் இருக்கின்றன.

நூறு ஆண்டுகளாக யாருக்கும் விடை தெரியாத கணக்கு ஒன்று இருந்தது. ரஷிய மேதை பெரல்மான் 2002-ல் விடை கண்டார். அதை எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பவில்லை. ஆர்க்கைவில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்! அதற்கு 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தார்கள். அதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இந்தியாவில் என்ன நடக்கிறது?

நம் நாட்டில் 2024 நவம்பரில் மத்திய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 30 கம்பெனிகளின் சுமார் 13 ஆயிரம் பத்திரிகைகளுக்கு நாட்டுக்கே சேர்த்து ஒரே சந்தா. மத்திய, மாநில அரசுகளின் 6,300-க்கு மேற்பட்ட கல்வி, ஆராய்ச்சி நிலையங்களில் உள்ள மாணவர்களும் ஆசிரியர்களும் படிக்கலாம். சுமார் 1 கோடியே 80 லட்சம் பேருக்குப் பயன். 2025 முதல் 2027 வரை 3 ஆண்டுக்குச் செலவு 6 ஆயிரம் கோடி ரூபாய்.

நல்ல காரியம்தான். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. அந்தக் காலத்தில் பத்திரிகை வாங்கினால் அது நூல் நிலையத்தின் சொத்து. நாற்பது ஆண்டு கழித்தும் அலமாரியில் இருக்கும். கம்ப்யூட்டர் சந்தா பெரும்பாலும் வாடகை வீடு மாதிரி. பணம் கட்டும் வரைதான் சாவி நம் கையில்!

லண்டனில் நடந்த கொள்ளை

இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. 2023 அக்டோபரில் லண்டன் 'பிரிட்டிஷ் லைப்ரரி'யின் கம்ப்யூட்டர்களுக்குள் இன்டர்நெட் கொள்ளையர்கள் புகுந்தார்கள். பணம் கேட்டு மிரட்டினார்கள். நூல் நிலையம் கொடுக்கவில்லை. கம்ப்யூட்டர்கள் முடங்கின.

கோடிக்கணக்கான புத்தகங்கள் அலமாரியில் பத்திரமாகத்தான் இருந்தன. ஆனால் எது எங்கே என்று காட்டும் புத்தகப் பட்டியல் கம்ப்யூட்டரில் அல்லவா இருந்தது! கண் இருந்தும் குருடு ஆன கதைதான். 2024 ஜனவரியில்தான் பட்டியல் திரும்பி வந்தது.

வலைப்பூக்களும் வாடிவிடும். எழுதியவர் இறந்தால், இடம் கொடுத்த கம்பெனி மூடினால், எல்லாம் மறைந்துபோகும். அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்புகளில் மேற்கோளாகக் குறிப்பிட்டிருந்த இன்டர்நெட் பக்கங்களை ஹார்வர்டு சட்டப் பேராசிரியர்கள் சோதித்தார்கள். பாதிப் பக்கங்களில், குறிப்பிட்ட விஷயம் அந்த இடத்தில் இல்லை! அதனால் ஹார்வர்டு சட்ட நூல் நிலையம் 2013 முதல் அத்தகைய பக்கங்களைப் பிரதி எடுத்துக் காத்து வருகிறது. இதுவும் இப்போது நூல் நிலையத்தின் வேலை.

நூலகர் எதற்கு?

"எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டதே, நூலகர் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள்.

1924-ல் சென்னை சர்வகலாசாலைக்கு நூலகராக வந்தவர் சீர்காழியில் பிறந்த ரங்கநாதன். அவரும் கணக்கு வாத்தியாராக இருந்தவர்தான்! ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். புத்தகம் பூட்டி வைப்பதற்கு அல்ல என்பதை நூலகத் துறையின் முதல் விதியாகவே ஆக்கியவர் ரங்கநாதன்.

இரும்புச் சங்கிலி போய்விட்டது. இன்று இருப்பது பணச் சங்கிலி. எந்தக் கட்டுரை இலவசம், எது நம்பத் தகுந்தது, எது பொய், எங்கே தேடினால் கிடைக்கும் என்பதைச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நூலகர்.

உங்கள் வீட்டுப் பிள்ளை கல்லூரியில் படிக்கிறானா? பெண் படிக்கிறாளா? "உங்கள் கல்லூரியில் ஒரே நாடு ஒரே சந்தா இருக்கிறதா என்று நூலகரிடம் கேட்டாயா?" என்று இன்றே விசாரியுங்கள். இருந்தால், 13 ஆயிரம் பத்திரிகைகளுக்கான சாவி அவர்கள் கையில் இருக்கிறது. சாவியைப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கலாமா?