ஆர்சனல் மகளிர் காற்பந்துக் கழகம்

ஆர்சனல் மகளிர் காற்பந்துக் கழகம் இலண்டன் மாநகரைச் சேர்ந்த தொழில்முறைக் காற்பந்துக் கழகம் ஆகும். இது 1987 ஆம் ஆண்டில் விக் ஏக்கர்ஸ் என்பவரால் தோற்றுவிக்கப்பட்டது. 2017 வரை ஆர்சனல் லேடீஸ் என்னும் பெயரால் அறியப்பட்டது. 2025 ஆம் ஆண்டு முடிய, ஐரோப்பிய வாகையர் பட்டம் வென்ற ஒரே இங்கிலாந்து மகளிர் கழகம் இதுவே.

பின்னணி

இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் 1921 டிசம்பரில், தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடுவதற்குத் தடை விதித்தது. இவ்விளையாட்டு பெண்களுக்குப் பொருந்தாது என்று காரணம் கூறப்பட்டது. முந்தைய ஆண்டில்தான் லிவர்ப்பூல் நகரின் குடிசன் பார்க் அரங்கில் பெண்கள் ஆட்டம் ஒன்றைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டிருந்தனர் என்பதை நோக்க, இக்காரணம் வலுவற்றதாகவே தோன்றுகிறது. தடை நீங்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

இதன் விளைவு நெடுங்காலம் நீடித்தது. கழகத்தின் முதல் இருபது ஆண்டுகளில் ஆட்டத்தை மட்டும் நம்பி வாழ்வது வீராங்கனைகளுக்கு எளிதாக இருக்கவில்லை. ஏக்கர்ஸ் ஆண்கள் அணியின் ஆடைப் பொறுப்பாளராகவும் பணியாற்றினார். பின்கள ஆட்டக்காரரான அலெக்ஸ் ஸ்காட், கழகத்தின் சலவையகத்தில் ஆண்கள் அணியினரின் உடைகளைத் துவைத்து வந்தார்.

2007 இறுதிப்போட்டி

2007 ஏப்ரலில் யூஃபா மகளிர் கிண்ணத்தின் இறுதிப்போட்டி இரண்டு ஆட்டங்களாக நடைபெற்றது. எதிரணியான சுவீடனின் உமியோ கழகத்தில் பிரேசிலின் மார்த்தா ஆடினார். ஆர்சனலின் கெல்லி ஸ்மித்துக்கோ இரு ஆட்டங்களிலும் ஆடத் தடை இருந்தது. உமியோவில் நடந்த முதல் ஆட்டத்தின் இறுதித் தறுவாயில், தொலைவிலிருந்து ஸ்காட் அடித்த பந்து கோலாயிற்று. போரம்வுட்டில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் இலக்குக் காவலர் எம்மா பெர்னைத் தாண்டி எதுவும் செல்லவில்லை. ஆட்டம் கோலின்றி முடிந்தது. அந்த ஒற்றைக் கோலே கிண்ணத்தைப் பெற்றுத் தந்தது. அப்பருவத்தில் உள்நாட்டின் மூன்று முதன்மைக் கிண்ணங்களையும் ஆர்சனலே வென்றது.

பிற்காலம்

2011 இல் தொடங்கிய மகளிர் சூப்பர் லீக்கின் முதலிரு பட்டங்களையும் ஆர்சனல் கைப்பற்றியது. இக்கூட்டிணைவு 2018 இல் முழுநேரத் தொழில்முறைக்கு மாறியது. நெதர்லாந்தின் விவியான் மிடெமா, 2019 டிசம்பரில் பிரிஸ்டல் சிட்டி அணியை 11–1 என வென்ற ஆட்டத்தில் தாமே 6 கோல்கள் அடித்து, மேலும் நான்கிற்கு வழிவகுத்தார். ஒன்பது வயதில் கழகத்தில் சேர்ந்த லியா வில்லியம்சன், 2022 இல் ஐரோப்பியக் கிண்ணம் வென்ற இங்கிலாந்து அணியின் தலைவி ஆவார்.

2025 மே 24 அன்று லிசுபனில் பார்சலோனாவை 1–0 என வென்று ஆர்சனல் மீண்டும் ஐரோப்பிய வாகை சூடியது. மாற்று ஆட்டக்காரராக இறங்கிய பெத் மீட் பந்தைக் கொடுக்க, அவ்வாறே இறங்கிய சுடீனா பிளாக்ஸ்டேனியஸ் 74 ஆம் நிமிடத்தில் கோலடித்தார். அதற்கு முந்தைய ஆண்டு பெப்ரவரியில் எமிரேட்ஸ் அரங்கில் மான்செஸ்டர் யுனைடெட் அணியுடனான கூட்டிணைவு ஆட்டத்தை 60,160 பேர் கண்டனர்.