நூறு எண்ணுவதற்குள் தரை இறங்கும் விமானம்!

குழந்தைகளே, நிதானமாக ஒன்று முதல் நூறு வரை எண்ணுங்கள். அதற்குள் ஒரு விமானம் கிளம்பி, கடலைத் தாண்டி, அடுத்த தீவில் இறங்கிவிடும்!

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகள் உள்ளன. அங்குள்ள வெஸ்ட்ரே, பாபா வெஸ்ட்ரே தீவுகளுக்கு இடையே 1967 முதல் இந்தச் சேவை நடக்கிறது. தூரம் 2.7 கி.மீ.தான். நம் சென்னை விமான நிலையத்தின் பெரிய ஓடுபாதையே இதைவிட நீளம்! கால அட்டவணைப்படி பறக்கும் விமானங்களில், உலகிலேயே மிகக் குறைந்த தூரம் செல்வது இதுதான். காற்று சாதகமாக வீசினால் இன்னும் வேகம். 53 விநாடிகளில் இறங்கியதும் உண்டு.

பாபா வெஸ்ட்ரேயில் வசிப்பவர்கள் நூறு பேருக்கும் குறைவு. படகும் இருக்கிறது. ஆனால், கடல் கொந்தளித்தால்? நோயாளிகளுக்கு இந்தக் குட்டி விமானம்தான் துணை. பாடம் நடத்த ஆசிரியர்களும் இதில் வந்து போனார்கள். டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பள்ளிக்குப் போன எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்!