சிவத்தல் என்னும் வினை

சிவப்பு என்றதும் இன்று நிறமே நினைவுக்கு வருகிறது. ஆனால் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் உரியியல், கறுப்பு, சிவப்பு ஆகிய இரு சொற்களுக்கும் வெகுளி, அதாவது சினம், என்னும் பொருளை முதலில் கூறிவிட்டு, அவை நிறத்தை உணர்த்தவும் உரியவை என்பதை அடுத்த நூற்பாவில்தான் சேர்க்கிறது. எல்லோரும் அறிந்த சொற்பொருளை விட்டுவிட்டு விளக்கம் வேண்டுவதையே பேசுவது உரியியலின் வழக்கம் என்பதால், அந்த வரிசையைக் கொண்டு சினம் முந்தியது, நிறம் பிந்தியது என்று வரலாறு எழுதிவிட முடியாது. எனினும் சினமும் நிறமும் ஒரே சொல்லுக்குள் குடியிருந்தன என்பதற்கு அது உறுதியான சான்று.

சொல்லின் அமைப்பே இதற்கு இடம் தருகிறது. சிவ என்பது வினையடி. சிவந்தது, சிவக்கிறது, சிவக்கும் என்று காலம் காட்டி நடக்கும் அதிலிருந்து பிறந்த பெயரே சிவப்பு. செம்பு, செங்கல், செந்நாய், செவ்வாழை, சேவடி ஆகியவற்றின் தொடக்கத்தில் நிற்பதும் இதே குடும்பந்தான். கன்னடத்தில் சிவப்புக்குக் கெம்பு என்று பெயர். அங்கே ககரமாகவே நின்றுவிட்ட முதலெழுத்து தமிழில் சகரமாயிற்று என்பர் மொழியியலார். பரதநாட்டிய அணிகலன்களில் பதிக்கப்படும் கெம்புக்கல், அந்தப் பழைய ஒலியைச் சுமந்தபடி தமிழுக்குள் வந்து சேர்ந்த உறவு.

சினம் வந்தால் தமிழில் பெரும்பாலும் சிவப்பது கண். நாணத்தால் முகம் சிவந்தது என்று கதைகளில் எழுதப்பட்டாலும், சினத்தைச் சொல்லக் கண் சிவந்தது என்பதே பழைய இலக்கியத்திலும் இன்றைய பேச்சிலும் வேரூன்றிய வழக்கு. உணர்ச்சி மிகும்போது தன்னியக்க நரம்புகளின் தூண்டலால் முகத்தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன. கன்னத்திலும் காதிலும் அவை நெருக்கமாகவும் தோலின் மேற்பரப்புக்கு அருகிலும் இருப்பதால் இரத்தத்தின் நிறம் வெளியே தெரிகிறது. இது எல்லா மனிதருக்கும் நிகழ்வதே. ஆயினும் தோலில் மெலனின் என்னும் கருநிறமி மிகுந்திருந்தால் முகத்தின் சிவப்பு மறைந்து வெம்மை மட்டுமே உணரப்படும். கண்ணின் வெண்பகுதியிலோ எந்தத் தோல்நிறத்தவருக்கும் சிவப்பு மறைவதில்லை. தமிழ் வழக்கு கண்ணைத் தேர்ந்துகொண்டதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றி 1872இல் நூல் எழுதிய சார்லஸ் டார்வின், முகம் சிவத்தலுக்குத் தனி இயலே ஒதுக்கியதோடு, பல நாடுகளில் இருந்தவர்களுக்கு அனுப்பிய வினாக்களில், தோலின் நிறம் இடங்கொடுக்கும்போது நாணம் சிவப்பாய்த் தெரிகிறதா என்றும் கேட்டிருந்தார்.

இச்சொல்லின் எல்லை மிக அகன்றது. கடலைப்பருப்பைச் சிவக்க வறுக்க வேண்டும் என்று சமையல் குறிப்பு சொல்லும்போது யாரும் குங்கும நிறத்தை எதிர்பார்ப்பதில்லை. வெப்பத்தில் புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து தோன்றும் பழுப்பும் பொன்னிறமும் தமிழில் சிவப்பே. அதேபோல் பெண் சிவப்பு, பையன் மாநிறம் என்னும் பேச்சில் சிவப்பு என்பது வெளிறிய தோலைக் குறிக்கிறது. கறுப்பை அதற்கு எதிர்முனையில் தாழ்வாக வைத்து மணப்பேச்சில் அளவுகோலாக்கிய வழக்கம் எத்தனையோ பேரைப் புண்படுத்தியிருக்கிறது; இந்தச் சொல்லுக்கு நேர்ந்த கேடுகளில் அதுவே பெரிது.

பொருள்கள் சிவக்கும் விதத்தை அருகிருந்து பார்க்க ஆரத்தித் தட்டு போதும். மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பைக் குழைத்தவுடன், இரண்டில் எதற்குமே சிவப்பு நிறம் இல்லாதிருந்தும், நீர் முழுதும் சிவந்துவிடும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் நிறமி காரத்தன்மை மிகும்போது தன் மூலக்கூற்றின் நிலை மாறி, வேறு ஒளியை ஈர்ப்பதே காரணம்; எலுமிச்சைச் சாற்றைப் போதிய அளவு பிழிந்தால் அது மறுபடியும் மஞ்சளாகும். மருதாணியின் போக்கு வேறு. பச்சை இலையை அரைக்கும்போது வெளிப்படும் லாசோன் என்னும் சாயம் தோலின் மேலடுக்கிலுள்ள கெரட்டின் புரதத்தோடு பிணைந்துவிடுவதால், கழுவியவுடன் வெளிர் ஆரஞ்சாகத் தெரியும் கை ஓரிரு நாளில் ஆழ்ந்து சிவக்கிறது; மேலடுக்குத் தடித்திருக்கும் உள்ளங்கை மிக நன்றாகச் சிவப்பதும், அந்தத் தோல் உதிரும் வரை நிறம் போகாமல் இருப்பதும் அதனால்தான்.

தொல்காப்பியம் இணைத்துச் சொன்ன கறுப்பையும் சிவப்பையும் ஒரே பொருளில் காட்டுபவை கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த கறுப்பு சிவப்புப் பானைகள். உள்ளும் வாயோரமும் கறுத்து, வெளியே அடிப்பகுதி சிவந்திருக்கும் இவற்றைக் குயவர் கவிழ்த்து வைத்துச் சுட்டிருக்க வேண்டும் என்பது பரவலான விளக்கம். காற்றுப் பட்ட இடத்தில் களிமண்ணின் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து செங்கல்லைப் போலவே சிவந்தது. காற்றுப் புகாமல் புகையும் கரியும் சூழ்ந்த உட்புறம் அதே நெருப்பில் கறுத்தது.