பள்ளிச் சர்வருக்கு ஏற்ற லினக்ஸ்

நோர்வே நாட்டில் 2001ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஸ்கூலெலினக்ஸ் திட்டம், பாடசாலைகள் பழைய கணினிகளையும் பயன்கொள்ள வழிவகுத்தது. வகுப்பறைக் கணினிகள் திரையும் விசைப்பலகையுமாய் மட்டும் நிற்க, மாணவர் அனைவரின் வேலையையும் ஒரே சர்வர் தன் நினைவகத்தில் வைத்து நடத்தும். அது திணறினால் வகுப்பு முழுவதும் நின்றுவிடும். ஆகவே அதற்கு 32 பிட் லினக்ஸா, 64 பிட் லினக்ஸா என்பது சிறு வினா அன்று.

நினைவகத்தை வீடுகள் நிறைந்த நீண்ட தெருவாகக் கொள்வோம். 32 பிட் முறை 4 ஜிகாபைட் வரையே வீட்டிலக்கம் இடவல்லது. பிஏஇ என்னும் உத்தியால் அதனை 64 ஜிகாபைட்டாக விரிக்கலாம். எனினும் தனியொரு நிரல் 4 ஜிகாபைட்டைக் கடத்தல் இயலாது. 64 பிட்டுக்கு அத்தடை இல்லை. முகவரிகள் நீள்வதால் நினைவகம் சற்றே மிகுதியாகச் செலவாகும், அவ்வளவே.

அப்படியாயின் பழைய கணினிகளின் கதி யாது? 32 பிட் செயலியில் 64 பிட் லினக்ஸ் இயங்காது. ஆயினும் சர்வரும் வகுப்பறைக் கணினியும் ஒரே வகையினவாதல் வேண்டும் என்பதில்லை. 64 பிட் சர்வரே, வலையமைப்பின் வழியாக, பழையனவற்றுக்கு 32 பிட் வடிவை வேறாக வழங்கலாம்.

இவ்வசதியும் நெடுநாள் நிலைப்பதன்று. 2025இல் வெளிவந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளில் நிறுவும் வாய்ப்பைக் கைவிட்டது. ஆதலின் சர்வருக்கு 64 பிட்டே தக்கது. பழைய கணினிகள் உழைக்கும் வரை உழைக்கட்டும்.