தூக்கத்துக்குத் தரும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தலாமா?



“ராத்திரி மாத்திரை போட்டாத்தான் கண்ணு மூடுது. போட்டா காலையிலே எந்திரிக்க முடியல்லே. ரெண்டு நாள் விட்டுட்டா உடம்பெல்லாம் படபடங்குது.” இப்படிச் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கெடுதல் செய்வது மாத்திரையா, வியாதியா என்று தெரியாமல் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் நொந்துகொள்வதும் உண்டு. ஆகவே இதை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். வாசிக்கத் தெரிந்தவர் மற்றவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இது என்ன மாத்திரை?

தூக்கத்துக்கென்று டாக்டர் எழுதும் மாத்திரைகள் எல்லாம் ஒன்றல்ல. அவற்றில் ஒரு வகை, மனச்சோர்வு என்னும் வியாதிக்காக வந்தவை. அமிட்ரிப்டிலின் அப்படிப்பட்ட ஒன்று. 1961 முதல் உபயோகத்தில் உள்ள பழைய மருந்து. மனச்சோர்வுக்கு இதைக் கூடுதல் அளவிலும், தூக்கமின்மை, நரம்பு வலி, ஒற்றைத் தலைவலி போன்றவற்றுக்கு 10 மி.கி., 25 மி.கி. என்று குறைந்த அளவிலும் கொடுப்பார்கள். மிர்டாஸபினும் இந்த வகைதான்.

டயஸிபாம், அல்பிரஸோலம், குளோனஸிபாம் ஆகியவை வேறு வகை. பல நாள் போட்டுவிட்டு இவற்றைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். எனவே முதல் வேலையாக, மருந்துச் சீட்டை எடுத்து உங்கள் மாத்திரையின் பெயரையும் அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். எழுத்து புரியவில்லையானால் கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள்.

என்னென்ன தொல்லை வரும்? என்ன செய்யலாம்?

வாய் உலர்தல்: அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். நெல்லிக்காய்த் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளலாம். வெற்றிலை, பாக்கு, புகையிலை வேண்டாம்.

மலச்சிக்கல்: கீரை, வாழைத்தண்டு, கேழ்வரகு, தாராளமாகத் தண்ணீர்.

காலை மந்தம்: படுக்கும் நேரத்தில் போடாமல், ஒன்றிரண்டு மணி முன்னதாகப் போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். மந்தம் தெளியும் வரை வண்டி ஓட்டுவது, மரம் ஏறுவது, கதிரடிக்கும் மிஷினில் நிற்பது கூடாது.

எழுந்ததும் தலை சுற்றல்: படுக்கையில் சற்று உட்கார்ந்து, பிறகு எழுந்திருங்கள். இரவில் வெளியே போகும்போது துணையை எழுப்பிக்கொள்ளுங்கள்.

பசியும் எடையும் கூடுதல்: இது மிர்டாஸபினில் அதிகம். மாதம் ஒருமுறை எடை பாருங்கள்.

வெயில் தாங்காமை: அமிட்ரிப்டிலின் வியர்வையைக் குறைக்கும். கோடையில் உச்சி வெயிலில் வயல் வேலையைத் தவிர்த்து, காலையிலும் மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கண் வலித்துப் பார்வை மங்கினாலோ, நெஞ்சு படபடத்து மயக்கம் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சாராயம், பிராந்தி இந்த மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் பலமாகும். குடி அறவே கூடாது.

தாம்பத்திய உறவில் குறை

வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் விஷயம் இது. இந்த மாத்திரைகளால் சிலருக்கு ஆசை குறையும். ஆண்களில் சிலருக்கு விறைப்புத் தளரும். மனச்சோர்வு வியாதியே ஆசையைக் குறைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. “அவருக்கு என்மேலே பிரியம் போயிடுச்சு” என்று மனைவி எண்ணுவதும், “இவளுக்கு வேறே நினைப்பு” என்று கணவன் எண்ணுவதும் வீண் சந்தேகம். இந்தச் சந்தேகத்துக்குப் பயந்து மாத்திரையை ரகசியமாக நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்யாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவும் மருந்தை மாற்றவும் வழி இருக்கிறது.

திடீரென்று விட்டால் என்ன ஆகும்?

சாராயம்போல் ஆளை ஏங்க வைக்கும் மருந்து அல்ல இது. ஆனாலும் பல வாரம் போட்டபின் மூளையும் உடம்பும் இதற்கு ஒத்துப் பழகிவிடுகின்றன. ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு தடுமாறுகிறது. குமட்டல், தலைவலி, வியர்வை, ஜுரம் வந்தாற்போல உடம்பு வலி, கெட்ட கனவு, சுத்தமாகத் தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல், அழுகை எல்லாம் வரலாம். எல்லாருக்கும் வரும் என்பதில்லை. அதிக அளவில், அதிக நாள் போட்டவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

“பழைய வியாதியே திரும்பிடுச்சோ?” என்ற பயம் அப்போது வரும். பிரித்தறிய ஓர் அடையாளம் உண்டு. நிறுத்தியதால் வரும் தொல்லை, பெரும்பாலும் சில நாளிலேயே தொடங்கும். முன்பு இல்லாத குமட்டல், தலை சுற்றல் போன்றவை அதில் கலந்திருக்கும். பலருக்கு இரண்டொரு வாரத்தில் தணியும். சிலருக்கு மாதக்கணக்கிலும் நீளும். வியாதி திரும்புவதோ, பெரும்பாலும் சில வாரம் கழித்து மெல்ல மெல்லத் தலைகாட்டும். எதுவானாலும் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

நிறுத்துவது எப்படி?

படிப்படியாக இறங்க வேண்டும். உதாரணமாக, தினம் 25 மி.கி. போடுகிறவருக்கு டாக்டர் 20, பிறகு 10 என்று குறைத்துவிட்டு நிறுத்தச் சொல்லலாம். படிக்குப் படி இரண்டு முதல் நான்கு வார இடைவெளி வைக்கலாம். கூடுதல் அளவில் பல வருடம் போட்டவருக்கு மாதக்கணக்கில் ஆகும். கடைசிப் படிகளில்தான் தொல்லை தெரியும். அங்கே இன்னும் மெதுவாக இறங்க வேண்டும்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவது குறைப்பது ஆகாது. உடம்பை ஏற்றி இறக்கிக் குலுக்குவதாகும். அளவு குறையலாம், ஆனால் தினமும் போட வேண்டும். தொல்லை அதிகமானால் முந்தின படிக்கே திரும்பிச் சிறிது காலம் இருக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். திரும்பிப் போவது தோல்வியல்ல.

மாத்திரை தீர்ந்துபோனதால் நின்றுபோவதும் திடீர் நிறுத்தம்தான். அறுப்புக் காலம், பிள்ளை கல்யாணம் என்று எத்தனை வேலை இருந்தாலும், ஒரு வார மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கி வைத்துவிடுங்கள்.

குறைக்கும் நாட்களில்

எத்தனை மணிக்குத் தூங்கினாலும், காலையில் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். மத்தியானத்துக்குப் பிறகு டீ, காப்பி வேண்டாம். பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் போகக் கூடாது. படுத்துத் தூக்கம் வராவிட்டால் புரண்டு புரண்டு கிடக்காமல், எழுந்து திண்ணையில் சற்று உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது படுங்கள். கடன், நிலத்தகராறு பற்றிய பேச்சைப் பகலிலே முடித்துக்கொள்ளுங்கள். சுவரில் தொங்கும் காலண்டரில் அன்றன்று போட்ட அளவையும், தூங்கிய நேரத்தையும் துணைவர் குறித்து வரட்டும். டாக்டருக்கு அது மிகவும் உதவும்.

கர்ப்பமும் தாய்ப்பாலும்

பிள்ளை பெற எண்ணும் தம்பதிகள் முன்னதாகவே டாக்டரிடம் சொல்வது உத்தமம். மாத்திரை போடும்போதே நாள் தள்ளிப்போனால் பயந்து நிறுத்திவிடாதீர்கள். உடனே போய்க் கேளுங்கள். தாயின் வியாதி முற்றுவதும் குழந்தைக்குக் கெடுதிதான். பால் கொடுக்கும் தாய்மாரும் தாமாக மாத்திரையையோ பாலையோ நிறுத்தக் கூடாது.

வீட்டில் பத்திரம்

அமிட்ரிப்டிலினை அளவு மீறி விழுங்கினால் இருதயம் பாதிக்கப்படும். சிறு குழந்தைக்குச் சில மாத்திரைகளே உயிருக்கு ஆபத்து. பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். யாராவது விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்க வைத்து நேரத்தைக் கழிக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாத்திரையைத் தொடங்கும்போதும், குறைக்கும்போதும் “இருந்து என்ன பிரயோசனம்” என்ற பேச்சு வந்தால் லேசாக எண்ணாதீர்கள். திட்டாதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சி மருந்தை வீட்டைவிட்டு அகற்றிவிட்டு, மாத்திரையைத் துணைவர் தம் கையில் வைத்துக்கொண்டு, அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

யாரிடம் போவது?

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு ஆஸ்பத்திரியிலும் கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் எந்த நாளில், எங்கே வருவார் என்று அங்கே சொல்வார்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

மாத்திரை எடுத்ததும் டாக்டர் சொல்லித்தான். விடுவதும் டாக்டர் சொல்லித்தான் இருக்க வேண்டும். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தம்பதிகள் இருவரும் சேர்ந்தே போங்கள்.