கேபினட்டிலும் காரிலும் ஒரே பூச்சு: சஸ்பென்ஷனுக்கு எது சரி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவரா நீங்கள்? பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் பக்கவாட்டு மூடியைத் திறந்து பாருங்கள். (வாரண்டி ஸ்டிக்கர் இருந்தால் கை வைக்காதீர்கள். கடைக்காரர் திறக்கும்போது எட்டிப் பார்த்தால் போதும்.) வெளியே கறுப்பாக, லேசான சொரசொரப்புடன் இருப்பது பவுடர் கோட்டிங். நம் வீட்டு பீரோவிலும் அதுதான். உள்ளே சாம்பல் நிறத்தில் தெரிவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. கேபினட் விலைப்பட்டியலில் 'எஸ்.இ.சி.சி.' என்று போடுவது இதைத்தான்.

காரின் சஸ்பென்ஷன் பாகங்களுக்கும் இந்த இரண்டு பூச்சுகளைத்தான் பட்டறையில் அதிகம் சொல்வார்கள். நான் படித்தது மெக்கானிக்கல், பார்ப்பது சாப்ட்வேர் வேலை. அதனால் உத்திரமேரூரில் எங்கள் மாருதி ஆம்னியின் அடிப்பாகத்தைப் புதுப்பிக்க முடிவானதும், இன்டர்நெட்டில் தேடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "எல்லாத்துக்கும் ஜிங்க் முலாம் போட்டுடலாம்பா, பளபளன்னு இருக்கும்" என்றார் சித்தப்பா. ஸ்பிரிங்குக்கு மட்டும் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

காரணம் இதுதான். முலாம் பூசும் முன் பாகத்தை அமிலத்தில் முக்குவார்கள். பிறகு மின்சாரம் செலுத்துவார்கள். இரண்டு கட்டத்திலும் உண்டாகும் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்துகொள்ளும். கேபினட் தகடு போன்ற மெது இரும்புக்கு இதனால் பெரிய பாதிப்பில்லை. ஸ்பிரிங் மிகக் கடினமான எஃகு. உள்ளே ஹைட்ரஜன் தங்கினால் அது நொறுங்கும் குணத்தைப் பெறும். மாட்டிய அன்று ஒன்றும் தெரியாது. சில நாள் பாரம் சுமந்தபின், முன்னறிவிப்பே இல்லாமல் ஓடும் வண்டியில் உடையலாம். முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சூடாக்கி ஹைட்ரஜனை வெளியேற்றுவது முறை. சின்னப் பட்டறையில் அதை யார் நின்று பார்ப்பது?

எனவே சுருள் ஸ்பிரிங்குக்கு, அமிலத்தில் முக்காமல் துருவை அகற்றி, பவுடர் கோட்டிங் செய்வதே நல்லது. அதன் அடுப்புச் சூடும் 200 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஸ்பிரிங்கின் பலத்தைக் கெடுக்காது. பவுடரில் ஒரு குறை உண்டு. துத்தநாகம் கீறல் விழுந்தாலும் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். பவுடர் வெறும் போர்வை. ஜல்லி பட்டுப் பெயர்ந்த இடத்தில் துரு பிடிக்கும். அந்தக் குழியில்தான் விரிசல் ஆரம்பிக்கும். மழைக்காலம் முடிந்ததும் குனிந்து பார்த்து, பெயர்ந்த இடத்தில் பெயின்ட் தொட்டுவிடுங்கள்.

லோயர் ஆர்முக்கும் பவுடர் போதும். ரப்பர் புஷ்ஷையும் பால் ஜாயின்ட்டையும் கழற்றாமல் அடுப்பில் வைத்தால் அவை பாழ். போல்ட் இறுக்கும் முகங்களை மறைத்துவிட்டுப் பூசச் சொல்லுங்கள். தடித்த பூச்சு நாளடைவில் நசுங்கி போல்ட் தளர்ந்துவிடும். தலையில் 8.8 என்று அச்சிட்ட போல்ட்டுக்குத் துத்தநாக முலாம் சரி. 10.9, 12.9 என்றிருந்தால் ஸ்பிரிங் கதைதான், புதிதாக வாங்கிவிடுங்கள். ஷாக் அப்சார்பர் தண்டில் இருப்பது கடின குரோமியம். அதில் பெயின்ட் படவே கூடாது.

விளம்பரங்களில் 'சால்ட் ஸ்பிரே 500 மணி' என்று பார்ப்பீர்கள். 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரியில் தொடர்ந்து தெளிக்கும் சோதனை அது. பூச்சுகளை ஒப்பிட உதவும். எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்லாது. காரைக்குடியில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபத்தின் கடல் காற்றிலேயே உலோகத் தகடுகளை நிறுத்தி வைத்து அரிப்பை அளந்ததும் அதனால்தான். மண்டபத்துக் காற்று வேறு, எங்கள் ஊர் ஏரிக்கரைச் சேறு வேறு.

பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கில் பழைய இன்ஜின் ஆயிலைத் தடவும் வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. துரு குறையும்தான்; ஆனால் ரப்பர் புஷ் ஊறிக் கெட்டுவிடும். பட்டைகளைப் பிரித்து கிராஃபைட் கிரீஸ் வைத்து, வெளியே பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள்.